அவனுக்கு மேல் நிற்பவன்

மே 4, ஞாயிறு

அடித்ததை எழுதாதே, தவறியதை எழுது என்பார் ராஜபாண்டி மாஸ்டர். இன்று எழுத நிறைய இருக்கிறது.

உப்பளத்து ஓரத்தில் எங்கள் குத்துச்சண்டைக் கிளப் நடக்கிற பழைய உப்புக் கிட்டங்கிக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். பெயர் வெயிலுமுத்து. எட்டயபுரத்துப் பக்கம் ஏதோ கிராமம். இங்கே உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறான். என் எடைதான், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். மாஸ்டர் அவனை என்னோடு மூன்று ரவுண்டு விட்டார்.

இந்த மாவட்டத்தில் என் ஜாப்பைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் குறைவு. இடது கையை நேராக நீட்டி எதிராளியின் முகத்தில் ஒரு குத்து, உடனே கையை இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஜாப். பெரிய பலம் வேண்டாம். கதவைத் தட்டுவது மாதிரி. கதவு அசைந்தால் பின்னாலேயே வலது கை போகும். இன்று தட்டக் கதவே அகப்படவில்லை. இவன் கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டு, உடம்பைப் பின்னங்காலில் சாய்த்து, அடி என்று முகத்தைக் காட்டுகிறான். கை போகிற நேரத்தில் முகம் அங்கே இல்லை. குதித்து விலகுவதும் இல்லை. ஒரு விரற்கடை நகர்கிறான், கையுறை அவன் காதை உரசிக்கொண்டு போகிறது. உப்புத்தூள் படிந்த அந்தத் தரையில் எங்கள் எல்லோருடைய பாதமும் கரகரக்கும். அவன் பாதம் கரகரக்கவில்லை.

மூன்றாவது ரவுண்டில் களைப்பில் ஜாப்பை நீட்டிவிட்டுக் கையைத் தாழ்வாக இழுத்துவிட்டேன். அதற்கு மேலாக அவனுடைய வலது கை வந்தது. இடது கண்ணில் விழுந்தது. மூன்று ரவுண்டிலும் அவன் போட்ட ஒரே குத்து அதுதான். நான் விழவில்லை. அவன்தான் நின்றுவிட்டான். தன் வலது கையுறையில் ஏதோ ஒட்டியிருப்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் கிளாடிஸ் கண்ணில் ஐஸ் வைத்துவிட்டாள். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன்.

மே 5

காலையில் மூக்கைச் சிந்தினேன். இடது இமை பூரி மாதிரி உப்பிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் நறநறவென்கிறது, தோலுக்கடியில் பொடி உப்பு இருப்பது போல. கிளாடிஸையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். கண் வீங்கியதற்கெல்லாம் டாக்டரிடம் போகிறவன் கேரம் போர்டு ஆட வேண்டியதுதான் என்றேன். நாளைக்குள் வடிந்துவிடும்.

மே 9, வெள்ளி

வடிந்துவிட்டது.

ஜூன் 8 அன்று மாவட்டத் தேர்வு. எங்கள் எடையில் ஒருவர்தான் சென்னைக்கு, மாநிலப் போட்டிக்குப் போக முடியும். அது நானா வெயிலுமுத்துவா என்பதுதான் கேள்வி, வேறு ஆள் இல்லை. எனக்கு முப்பத்தொன்று. இதுதான் கடைசி என்று கிளாடிஸிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக மாநிலத்தில் அரையிறுதியோடு திரும்புகிறவன், ஒரு தடவையாவது இறுதிச் சுற்றில் நின்றுவிட்டு விடலாம் என்று. வெயிலுமுத்துவுக்குப் போலீஸ் வேலை மேல் கண் இருக்கிறதாம். மெடல் இருந்தால் வழி உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இப்படி நழுவுகிறவனை ஜாப்பால் பிடிக்க முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். ஜாப்பால்தான் பிடிக்க முடியும் என்றார். பெரிய குத்துகளை அவன் தூரத்திலேயே பார்த்துவிடுவான், சின்னதைத்தான் அவனால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒன்று போடாதே, இரண்டு போடு. முதல் குத்துக்கு நகர்ந்த இடத்தில் இரண்டாவது காத்திருக்கட்டும். அப்புறம் ஒன்று சொன்னார்.

"தலையத் தேடாதல. தலை ஓடும். நெஞ்சு எங்க ஓடும்?"

மே 11, ஞாயிறு

நெஞ்சுக்குப் போட்ட ஜாப்புகளில் பாதி விழுந்தது. இரட்டை ஜாப்பும் சுமார். முகத்துக்குப் போட்டதில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே அவன் தலைக்கு மேலே போகிறது. நான் குத்துகிற நேரத்தில் கீழே இறங்கிவிடுகிறான் போல. ஆனால் அவன் முழங்கால் மடங்குவதைப் பார்க்க முடியவில்லை. மாஸ்டர் கயிற்றுக்கு வெளியிலிருந்து, "ஏம்ல மேல மேல போடுத? அவன் என்ன பனைமரமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை.

அவனிடம் இன்னொன்று கவனித்தேன். நகரும்போது தலையை விட்டுவிட்டு நகர்கிறான். எப்படிச் சொல்வது? அவன் போன பிறகும் அங்கே கொஞ்சம் இருக்கிறது.

மே 15

வேலை செய்கிற குடோனில் ஃபோர்க்லிஃப்டில் மேல் தட்டுக்கு மூட்டை அட்டியலை ஏற்றும்போது இரண்டு மூட்டைகள் சரிந்து விழுந்தன. யாருக்கும் எதுவும் இல்லை. கூட வேலை செய்கிற பன்னீர் தள்ளித்தான் நின்றான். சூப்பர்வைசர் நெடுநேரம் பேசினார். கீழ்த் தட்டுகளில் எனக்கு எப்போதும் பிசகுவதில்லை. மேல் தட்டில்தான் இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டும்.

மே 16

பன்னீர் தள்ளி நிற்கவில்லை. தள்ளிக் குதித்தான்.

மே 18, ஞாயிறு

பூசைக்குப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கோபுரத்துச் சிலுவைக்கு மேல் இன்னொரு சிலுவை வெளிறி நின்றது. வெயில். வைகாசி வெயிலில் இந்த ஊரில் எது வேண்டுமானாலும் தெரியும். உப்பளத்தில் தூரத்து லாரிகள் தண்ணீர் மேல் தலைகீழாக ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் கிட்டங்கிக்குப் போகிற வழியில் வெயிலுமுத்து உப்பு அம்பாரத்தின் உச்சியில் நின்று மண்வெட்டியால் சரித்துக்கொண்டிருந்தான். நான் கீழே. அவன் தலைக்கு மேல் இன்னொரு தலை. அவன் தோளில் ஒரு ஆள் ஏறி நின்றுகொண்டு என்னை எட்டிப் பார்ப்பது போல. அந்த ஆளின் உடம்பு உப்பு நிறத்தில், பின்னால் இருக்கிற வானம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. வெயிலுமுத்து கையைத் தூக்கினான். இரண்டு பேரும் தூக்கினார்கள்.

பன்னீரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். கிளப் நடக்கிற அந்தக் கிட்டங்கியில் முன்பு உப்பு சரிந்து ஒரு கூலியாள் மூடிப்போனானாம். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது உடம்பு கெடாமல் இருந்ததாம், கண்ணுக்குள்ளெல்லாம் உப்பு. தெரியாதா உனக்கு என்று கேட்டான். தெரியாது. இது போன்ற கதைகளை நான் நம்புவதில்லை.

மே 20

பயிற்சியில் வெயிலுமுத்து குனிந்தான். ஒருவன்தான். நிமிர்ந்தான். அவன் உச்சந்தலையிலிருந்து மற்றவன் மெதுவாக எழுந்து வந்தான். நான் இரண்டு பேரில் மேலே இருப்பவனைக் குத்தினேன். அவன்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

மே 22, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

குத்துச்சண்டையில் முதல் பாடமே தாடையை மார்போடு ஒட்டிவை, புருவத்துக்கு அடியிலிருந்து எதிராளியைப் பார் என்பதுதான். இத்தனை வருஷம் அப்படித்தான் நின்றேன். இன்று தற்செயலாகத் தாடையைத் தூக்கினேன். மேலே இருந்தவன் இறங்கி வெயிலுமுத்துவுக்குள் போய்விட்டான். ஒரே ஆள். ஜாப் போட்டேன், விழுந்தது.

தாடையைத் தூக்கினால் எதிராளிக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி. மாஸ்டர் கத்துகிறார். கத்தட்டும். நழுவுகிறவன் திருப்பி அடிப்பது அபூர்வம். இவனுக்கு எதிராக மட்டும் இது ஒரு புது முறை.

கிளாடிஸ் இட்லி அவித்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். "ஒங்க எடது கண்ணு சின்னதாப் போன மாதிரி இருக்குங்க. உள்ள போயிருக்கு" என்றாள். எடை குறைகிறது அல்லவா, முகம் ஒட்டியிருக்கும் என்றேன்.

மே 25, ஞாயிறு

இன்றைய நாளை எழுதவே சந்தோஷமாக இருக்கிறது. ஜாப், ஜாப், ஜாப். அவன் எங்கே போனாலும் விழுகிறது. தாடை தூக்கியிருந்தபோதும் விழுந்தது, மறந்துபோய்த் தாழ்த்தியிருந்தபோதும் விழுந்தது. மேலே இருந்தவனைக் குறிவைத்து அடித்தாலும் விழுந்தது. கீழ் உதடு கிழிந்து அவன் வாயெல்லாம் ரத்தம். அவன் ஒரு குத்தும் திருப்பிப் போடவில்லை. மாஸ்டர் என் முதுகில் அறைந்து, இத்தனை நாள் எங்கேல இருந்த என்றார்.

யோசித்துப் பார்த்தால், ஜாப்பின் அருமை இதுதான். நழுவுகிறவன் எத்தனை நாள் நழுவுவான்? தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் திறந்துவிடும்.

மே 27

கிளாடிஸ் இனிமேல் தையல் கடைக்குப் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறாளாம். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறதாம்.

மே 29, வியாழன்

தேர்வுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் சரி. கண்ணைப் பரிசோதித்தார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை படித்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை படித்தேன். பார்வை பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு படிக்க அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளாடிஸிடம் சர்டிபிகேட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

மாஸ்டர் நேற்றைய பயிற்சியைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தாடையைப் பார், எப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறாய் என்று திட்டுவதற்காக அனுப்பியது. கூடவே ஒரு குரல் பதிவு. அந்தப் பையன்கூடப் பயத்தில் குதிகாலைத் தூக்குகிறான் பார் என்று சிரித்திருந்தார்.

மதியம் தரையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தேன். குனிந்து பார்க்கும்போது எல்லாமே தெளிவாக இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒன்றுதான்.

படத்தில் நான் வெறும் காற்றில் குத்துகிறேன். அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, யாரும் இல்லாத இடத்தில், ரொம்பக் கவனமாக, அழகாக, ஒவ்வொரு ஜாப்பாகப் போடுகிறேன். கால் சரி, தோள் சரி, கை போய்த் திரும்புவது சரி. அங்கே ஆள் இல்லை. வெயிலுமுத்து கீழே நின்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கை கிளம்பியதும் குதிகாலைத் தூக்கி எழும்புகிறான். கழுத்தை நீட்டி, என் கையுறை போகிற இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோகிறான். குத்து வாங்குகிறான். இறங்குகிறான். அடுத்ததற்கு மறுபடியும் எழும்புகிறான்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிளாடிஸ் வந்து என்ன படம் என்று கேட்டாள். போனைக் கவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு உப்பளத்துக்குப் போனேன். உச்சி வெயில். பாத்திகளில் வெள்ளை, வரப்பில் வெள்ளை, வானமும் வெள்ளை. வெயிலுமுத்து லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். உதட்டில் தையல். நான் வருவதைப் பார்த்ததும் தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்தான். அவனோடு சேர்ந்து மற்றவனும் எழுந்தான். நான் தாடையைத் தூக்கி ஒருவனாக்கிக்கொண்டேன்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

சும்மாட்டுத் துணியை உதறினான், சுற்றினான், பிறகும் உதறினான்.

"மொத நாளே தெரியும்ணே. அந்தக் குத்து விழுந்ததும் கைக்குள்ள பொட்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு. முட்டை ஒடைஞ்ச மாரி. இப்பவும் சாப்பிடயில கொள்ளயில கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

மாஸ்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் அவர் என்னை நிறுத்தியிருப்பார், இடம் தானாக அவனுக்கு வந்திருக்கும். தானே உடைத்துத் தானே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். அதனால் தேர்வில் தோற்றுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறான். நான் அவனை அடித்தால் தோற்கலாம். ஆனால் என்னால் அவனை அடிக்க முடியவில்லை.

"நீங்க என்னைய அடிக்கலண்ணே. எனக்கு மேல ஒருத்தன் நிக்கான், அவனையில்லா அடிக்கிய. எனக்கே சில நேரம் அண்ணாந்து பாக்கணும் போல இருக்கும்."

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. லாரிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உப்புக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். கூடைக்கு அடியிலிருந்து மெதுவாகச் சொன்னான்.

"மெட்ராஸ்ல எவனும் குதிகால தூக்க மாட்டாண்ணே."

இரண்டு நடை போய் வந்தான். நான் அங்கேயே நின்றேன். மூன்றாவது நடையில், நான் மெட்ராஸ் போகக் கூடாதென்றால் அவன் என்னை ஜெயித்தாக வேண்டும் என்றான். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் சொன்னான்.

ஜூன் 6

குளியலறைக் கண்ணாடியை ஆணியில் கொஞ்சம் உயரமாக மாட்டினேன். தாடையை ஒட்டிவைத்துப் பார்த்தேன். என் தலைக்கு மேல் நான். இடது கண்ணை மூடினேன், போய்விட்டான். திறந்தேன், வந்தான். வலது கண்ணை மூடினேன். கீழே இருந்தவன் போய், மேலே இருந்தவன் மட்டும் மிச்சமாக நின்றான்.

கண்ணாடியைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விலகிக்கொள்ளலாம் என்று காலையில் ஒரு தடவை தோன்றியது. கையில் துணி சுற்ற ஆரம்பித்ததும் அது போய்விட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு மேடை. நல்ல கூட்டம். கிளாடிஸ் வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் சண்டை எதற்கும் வராதவள், கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் ரவுண்டில் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரே வெயிலுமுத்து. ஜாப் போட்டேன். அவன் குதிகாலைத் தூக்கவில்லை. முதல் நாள் போலவே ஒரு விரற்கடை நகர்ந்தான். உடனே என் நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது. அவனுடைய ஜாப். இத்தனை நாளில் அவன் ஜாப் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்ததும் நெஞ்சில்தான். அதற்கடுத்தது நெஞ்சில், வயிற்றில், மறுபடி நெஞ்சில்.

என் முகம் முழுசாகத் திறந்து கிடந்தது. தாடை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் இரண்டு பேருக்கும் பொதுவானவர், எந்த மூலையிலும் நிற்காமல் கீழே நின்றவர், அவராலேயே பொறுக்க முடியாமல் தாடை, தாடை என்று கத்தினார். கூட்டத்திலிருந்து மூஞ்சியிலே போடு, மூஞ்சியிலே போடு என்று சத்தம். அவன் போடவில்லை. பயந்து தாடையைத் தாழ்த்தினேன். உடனே அவனுக்குள்ளிருந்து மற்றவன் எழுந்தான். நான் மற்றவனைக் குத்தினேன், கீழே இருந்தவன் என் நெஞ்சில் குத்தினான்.

மூன்றாவது ரவுண்டில் இடது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே ஆள், தெளிவாக. ஆனால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று தெரியவில்லை, சுவரில் ஒட்டிய படம் மாதிரி. ஒரு ஜாப் நீட்டினேன். அவன் நெற்றியில் பட்டது. உண்மையாகவே பட்டது, அவன் முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அல்ல. அவன் என் மூடிய கண்ணைப் பார்த்தான். அடுத்த நொடி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போதும்ணே. போதும்" என்றான். நடுவர் பிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் மணி அடிக்கிறவரை நெஞ்சிலேயேதான் குத்தினான், ஆனால் வலிக்காமல்.

நடுவர் அவன் கையைத் தூக்கினார். யாருக்கும் சந்தேகம் இல்லை. கீழே இறங்கியதும் மாஸ்டர் என்னைவிட அவனிடம்தான் கோபமாகக் கேட்டார், அவ்வளவு திறந்திருந்த முகத்தை ஏன் விட்டாய் என்று. அவன் பல்லுறையைக் கழற்றாமல் நின்றான். நான் சொன்னேன்.

"எனக்கு ரெண்டாத் தெரியுது மாஸ்டர். ஒரு மாசமாச்சு."

மாஸ்டர் என் தாடையைப் பிடித்துத் தாழ்த்தினார், தன் விரலை மேலே தூக்கிக் காட்டினார். என் இடது கண் விரலோடு போகாமல் பாதியில் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே கிளாடிஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சாவியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.  வழி முழுக்க அவள் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. கண் உட்கார்ந்திருக்கிற எலும்பின் அடித்தளம் முட்டை ஓட்டுக் கனம்தானாம். அது உடைந்து, கண்ணை மேலே திருப்புகிறபோது நெகிழ வேண்டிய தசை அந்த விரிசலில் மாட்டியிருக்கிறது. அடிபட்ட வாரத்திலேயே வந்திருந்தால் சுலபம் என்றார் டாக்டரம்மா. இப்போது ஒட்டிப்போயிருக்கும், எடுத்துவிடலாம், முழுசாகச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அந்தக் கண்ணில் இன்னொரு குத்து விழுந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், கிளாடிஸைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

குத்துச்சண்டை முடிந்தது. அதை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குடோனுக்குப் போன் செய்து சூப்பர்வைசரிடம் மூட்டை விழுந்ததன் காரணத்தைச் சொன்னேன். பன்னீரிடமும் பேசினேன்.  உப்புக்குள் போன ஆளின் கதையை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாது என்றான். அவன் மேல் கோபம் இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

ஜூன் 20

ஆபரேஷன் நேற்று. ஒரு கண்ணால் எழுதுகிறேன், வரி ஏறி இறங்கும். கன்னம் மரத்துப்போயிருக்கிறது, மேல் உதடு வரை. நரம்பு விழிக்க மாதக்கணக்கில் ஆகலாமாம்.

ஜூன் 22, ஞாயிறு

மாஸ்டர் சென்னையிலிருந்து பேசினார். வெயிலுமுத்து முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டான். எதிராளியால் அவனைத் தொட முடியவில்லையாம். ஆனால் இவனும் எதிராளியின் முகத்துக்கு ஒரு குத்துக்கூடப் போடவில்லை. உடம்புக்குப் போட்டதெல்லாம் புள்ளிக்குப் போதவில்லை. பையனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல பெர்க்மான்ஸு என்றார். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

ரயிலில் ஊருக்குத் திரும்பும் வழியில் வெயிலுமுத்து மதுரையிலேயே இறங்கி இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். தோளில் பை. உதட்டுத் தையலைப் பிரித்திருக்கிறார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றான், பக்கத்தில் வரவில்லை. கிளாடிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

சண்டையைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். எதிராளி நல்ல பையன், முகத்தைத் திறந்துவைத்திருந்தான் என்றான். இடம் தெரிகிறது, நேரம் தெரிகிறது, தோள் கிளம்புகிறது. பிறகு நின்றுவிடுகிறது.

"மூஞ்சிக்குக் கை போக மாட்டேங்குண்ணே. போகவே மாட்டேங்கு."

பக்கத்தில் வா என்றேன். வந்தான். நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு ஜாப் போடு என்றேன். கிளாடிஸ் எழுந்துவிட்டாள். மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி, இந்தக் கன்னத்தில் வந்து தொட்டால் போதும், அவ்வளவுதான் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

காலை மாற்றி நின்றான். பாதம் நகர்ந்தது காதில் விழுந்தது. இடது கை கிளம்புவதைத் திறந்திருந்த கண்ணால் பார்த்தேன். பாதி தூரம் வந்து நின்றது.  பிறகு மறுபடி கிளம்பிக் கட்டுப்போட்ட பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. கன்னத்திலும் உணர்ச்சி இல்லை. கை அந்தரத்தில் நிற்கிறதா, திரும்பிவிட்டதா, தொட்டதா, எதுவும் புரியவில்லை. 

கிளாடிஸ்தான் சொன்னாள். "தொட்டுட்டாருங்க."